மீன் கிடைக்கக் கூடாத நாள்

தூண்டிலைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும் என்பது என் மீன்பிடிக் கொள்கைகளில் முதலாவது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவன் கை எந்நேரமும் வாழைப்பழமும் சர்க்கரையும் நெய்யுமாக மணக்கும். விரல் இடுக்கில் ஏலக்காய் குடியிருக்கும். இந்த மணத்தோடு போனால் மீன் அண்டாது என்று நானே கண்டுபிடித்து, நானே நம்பி, பல வருஷமாகச் சோப்புக் கையோடு தண்ணீர் ஓரம் உட்கார்ந்திருக்கிறேன். மீன் அண்டவில்லை. பழ வாசனை இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை மூன்று தடவை கழுவினேன்.

பழனியில் குளமும் அணையும் இல்லாமல் இல்லை. ஆனால் சாமிக்கு நைவேத்தியம் பிசைகிறவன் கரையில் குந்திப் புழு கோத்துக்கொண்டிருப்பதை ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டால் போதும், அண்டாவை நானே கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். அதனால் என் பாவத்தையெல்லாம் பஸ் ஏறிக் குளிர் மலைக்குப் போய்ச் செய்வேன். என் மனைவி பிறந்தது அங்கே, பள்ளங்கியில். சரிவில் படிப்படியாகத் தோட்டம், நடுவில் ஓட்டு வீடு, தோட்டத்துக்குக் கீழே ஓடை. ஓடைக்குக் குறுக்கே எந்தக் காலத்திலோ கட்டிய கல் தடுப்பு ஒன்று இருந்தது. அதன் பின்னால் தண்ணீர் தேங்கி ஒரு மடு. யார் விட்டார்களோ, அதில் மீன் இருந்தது. வருஷா வருஷம் மாசியில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அங்கே போய்விடுவேன்.

"மீன் புடிக்கப் போறீங்களா, மீனுக்குக் காவலுக்குப் போறீங்களா?" என்பாள். கேள்வி நியாயமானது. நான் போன நாட்களில் அந்த மடு மீன்களுக்கு ஒரு ஆபத்தும் வந்ததில்லை.

மாசி மாத மீன்பிடிப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பள்ளங்கி டீக்கடையில் பெஞ்சு காலியாகிவிடும். படிக்கிறவர்கள் எழுந்து போவது எனக்குத் தெரியாது என்பதால் இங்கே தைரியமாகச் சொல்கிறேன். மார்கழி, தை உறைபனியில் மீன் மடுவின் அடியில் சேற்றோடு சேறாகக் கிடக்கும். மூக்குக்கு நேரே இரையை நீட்டினாலும் திறக்காது. மாசியில் பனி விட ஆரம்பிக்கும். இந்தத் தொடக்கத்தில் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் விடியற்காலையில் தூண்டிலோடு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ஆடுவது தக்கை இல்லை, ஆளின் தாடை. வெயில் ஏறி மேல் தண்ணீர் கொஞ்சம் இளகுவதற்கே பத்து, பதினொன்று ஆகும். காலை வெயில் முதலில் விழுகிற மேற்குக் கரையில், முழங்கால் ஆழத்தில், சேறு கறுத்த இடமாகப் பார்க்க வேண்டும். கறுத்த சேறு சூட்டைப் பிடித்து வைக்கும். கண்ணாடிக் கெண்டை என்று ஒரு மீன் உண்டு. உடம்பெல்லாம் வழுவழுவென்று தோல், அதில் அங்கொன்று இங்கொன்றாகச் சில்லறைக் காசு ஒட்டின மாதிரி பெரிய செதில். அது முதுகு காய அங்கேதான் வரும். அதற்கு மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன முள், கோதுமை மாவு உருண்டை, மூச்சு விடாத மனுஷன்.

ஜிலேபி மீனுக்குக் குளிர் ஆகவே ஆகாது. மத்தியானம் தடுப்புக் கல் சுட்ட பிறகு அதை ஒட்டிக் கூட்டமாக நிற்கும், மண்புழுத் துண்டுக்கு வரும். கெளுத்திக்கு வெயிலே வேண்டாம், சாயங்காலமும் கலங்கலும் போதும். டிரவுட் என்பது தனிச் சாதி. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதன் மிச்சம், மடுவுக்கு மேலே ஓடுகிற தண்ணீரில் இருக்கிறது என்பார்கள். அதற்கு மட்டும்தான் விடியற்காலை. குனிந்து, நிழல் தண்ணீரில் விழாமல், ஓட்டத்துக்கு எதிராக ஏறிப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "காலையில ஒரு டிரவுட்டைப் பாத்தேன்" என்று சொல்லித் தொலைத்தேன். புது மாப்பிள்ளை கெத்து. பார்த்தது மீனா, வெயிலில் புரண்ட யூகலிப்டஸ் இலையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மீன் தெரிந்தவன்.

இத்தனை விதிகளையும் ரத்து செய்கிற விதி ஒன்று இருக்கிறது. மேலே எங்கேயாவது முதல் கோடை மழை பெய்து, ஓடையில் புதுத் தண்ணீர் காப்பி நிறத்தில் இறங்கினால், நேரம் காலம் ஒன்றும் கிடையாது. மாதக்கணக்காகப் பட்டினி கிடந்த மீனெல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து சாப்பிட வரும். அன்றைக்குக் கயிற்றில் கொக்கியைக் கட்டிப் போட்டாலும் கடிக்கும். அந்தத் தண்ணீருக்காக எத்தனை மாசியில் காத்திருந்திருக்கிறேன். நான் பழனிக்கு பஸ் ஏறின மறுநாள் தவறாமல் வரும்.

மாமனார் மாமியார் காலத்துக்குப் பிறகு தோட்டம் என் மச்சினனிடம் இருந்தது. மனைவிக்குத் தம்பி. நல்ல உழைப்பாளி, என் பேச்சை நம்புகிறவன் என்கிற ஒரு குறையைத் தவிர. சில வருஷமாக அவனுக்கும் காட்டுமாட்டுக்கும் போராட்டம். அது பீன்ஸைத் தின்றுவிட்டுப் போனால்கூட அவனுக்கு மனசு ஆறியிருக்கும். பூண்டுப் பாத்தியில் வந்து படுத்து, புரண்டு, விடிந்த பிறகு சாவகாசமாக எழுந்து போகும். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, எல்லாரும் காட்டேஜ்களில் அறை பெருக்கப் போய்விட்டார்கள். பிள்ளைகள் படிப்பு திண்டுக்கல்லில். தோட்டத்தை விற்றுவிட்டு அங்கேயே போய் ஒரு லோடு ஆட்டோ வாங்கி ஓட்டலாம் என்று முடிவு செய்துவிட்டான். என் மனைவி கல்யாணத்தின்போதே தன் பங்கை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். ஆகையால் விற்கப் போவதை அவளிடம் சொன்னார்கள். கேட்கவில்லை.

வாங்க வந்தவர் திருப்பூர்ப் பக்கத்துப் பனியன் வியாபாரி. வீட்டை இடித்துவிட்டு விருந்தினர் குடில்கள் கட்டுகிற யோசனை. அந்த இடத்திலிருந்து பள்ளத்தாக்கு தெரியாது, முன்னால் ஒரு மேடு மறைக்கும். பாதையும் மோசம். மடு ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருந்தது. வருகிற விருந்தாளிகள் மீன் பிடிக்கலாமே என்று.

இதையெல்லாம் மனைவி எனக்குச் சொன்னபோது அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து பழம் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அந்தத் திருப்பூர்க்காரரு நாளைக்கழிச்சு மீன் புடிச்சுப் பாக்க வாராராம். ஒங்களையும் வரச் சொல்லித் தம்பி போன் பண்ணுனான்."

"என்னையவா?"

"மச்சான் வந்து நின்னா மீன் தன்னால வரும்கிறான். பாவம், நீங்க சொன்னதையெல்லாம் நம்பியிருக்கான்."

"நான் வரலைன்னு சொல்லிரு. எனக்கு இங்க சோலி கெடக்கு."

"போங்க." பிசைவதை அவள் நிறுத்தவில்லை. "போயி, ஒரு மீனும் மாட்டாமப் பாத்துக்கங்க. மீன் இருந்தாத்தான் வாங்குவாராம். இல்லைன்னா வில்பட்டிப் பக்கம் வேற எடம் பாத்து வச்சிருக்காராம்."

"மாட்டாம நான் எப்படிப் பாத்துக்கிறது?"

"இத்தன வருசம் எப்படிப் பாத்துக்கிட்டீங்களோ அப்படித்தான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முழங்கை வரை பழமாக இருந்த கையின் பின்புறத்தால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எனக்குன்னு போயி நிக்க அந்த ஒரு எடந்தான் இருக்கு" என்றாள். பிசைந்து முடித்து, அந்த அண்டாவிலிருந்தே ஒரு பாட்டிலில் அடைத்து, தம்பி பிள்ளைகளுக்கு என்று என் பையில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளங்கியில் இறங்கினேன். மச்சினன் என்னை வீட்டுக்குள் விடாமல் நேராகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், காட்டுமாடு படுத்த பாத்தியைக் காட்டினான். ஒரு கட்டில் அளவுக்கு மண் வழுவழுவென்று அமுங்கியிருந்தது.

"பாருங்க மச்சான், மெத்தை போட்டுக் குடுத்திருக்கேன் அதுக்கு."

"தலகாணி வைக்கலையா மாப்ளே?"

"சிரிக்காதீங்க. அந்தாளு கையில நாளைக்கு ஒரு மீனு மாட்டிருச்சுன்னா நான் தப்பிச்சேன். இல்லைன்னா இன்னும் ஒரு வருசம் இந்த மாட்டுக்கு நான் பூண்டு போட்டுக்கிட்டுக் கெடக்கணும். ஒங்க வித்தையெல்லாம் எறக்கிருங்க. டிரவுட்டையே பாத்த ஆளு நீங்க."

"ம்."

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. பழம் பிசையுது."

அவன் அமுங்கின மண்ணைக் காலால் கிளறினான். "அது பெறந்த வீடுதான். இல்லைங்கல. வருசத்துக்கு ரெண்டு நாளு வந்து இருந்துட்டுப் போகும். மிச்ச நாளு நாந்தான இருக்கேன்" என்றான். அவன் சொன்னது சரி. அவள் சொன்னதும் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தூண்டிலோடு நான்.

ஆனால் திட்டம் பிரமாதமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் தலைகீழாகச் செய்வது. பனியன் வியாபாரியை வெள்ளனே, விடியும் முன்னமே வரச் சொல்லிவிட்டேன். மேற்குக் கரைக்குப் பதில் கிழக்குக் கரை, மரத்து நிழல், மடுவிலேயே ஆழமும் குளிரும் அதிகமான மூலை. மாட்டைக் கட்டுகிற மாதிரி தடித்த நரம்பு. பெரிய முள். வாய் ஓயாத பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, கையைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை. அவள் பிசைந்த அண்டாவை வழித்துக் கழுவிய என் கை அப்படியே பழம் மணக்க மலை ஏறியிருந்தது. இதற்கு மேல் ஒருவன் மீனைத் துரத்த முடியாது.

விடியலில் மடுவுக்கு இறங்கியபோது டார்ச் வெளிச்சத்தில் தண்ணீரைப் பார்த்தேன். காப்பி.

மேலே மழை பெய்திருக்கிறது. நான் கம்பளிக்குள் தூங்கியிருக்கிறேன். ஓடை சலசலவென்று புதுத் தண்ணீரை மடுவுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மேகம் மூடி, காற்றில் குளிரே இல்லை. மடு முழுக்க வட்ட வட்டமாக மீன் புரண்டது. எத்தனை மாசியாக நான் காத்திருந்த தண்ணீர் அது.

வியாபாரி வந்து சேர்ந்தார். நிறையப் பைகள் வைத்த சட்டை, புத்தம் புதுத் தூண்டில் ராடு, அதன் ரீலில் விலைச் சீட்டின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளை வெறுத்துவிட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவர் விடவில்லை.

"வணக்கமுங்க. நமக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்க சொல்றதக் கேட்டுக்கிறேன்" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷன் என்னிடம் மீன்பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறான். அவனுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லித் தர வேண்டியது என் தலையெழுத்து.

மச்சினன் முந்தின நாளே தோண்டி ஒரு தகர டப்பா நிறைய மண்புழு வைத்திருந்தான். கலங்கின தண்ணீரில் புழுவைப் போட்டால் கெளுத்தியும் ஜிலேபியும் வரிசையில் நிற்கும். அதனால் இருட்டில் தடுமாறுவது போல டப்பாவை உதைத்தேன். அது உருண்டு ஓடையில் விழுந்து, புழுவெல்லாம் தண்ணீரோடு மடுவுக்குள் போனது.

"என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"கால் இடறிருச்சு மாப்ளே."

"இப்ப இரைக்கு என்ன செய்யறது?"

பையில் கையை விட்டேன். பாட்டில் தட்டுப்பட்டது. வியாபாரியின் ராடில் என் தடித்த நரம்பையும் பெரிய முள்ளையும் கட்டி, முள்ளில் ஒரு பேரீச்சம்பழத் துண்டைக் குத்தி, அதைச் சுற்றிப் பஞ்சாமிர்தத்தைக் கெட்டியாக அப்பினேன்.

மச்சினனுக்கு முகம் மாறிவிட்டது. "மச்சான், சாமி பிரசாதத்தப் போயி..."

"பிரசாதமில்ல மாப்ளே. படைக்காதது. கடைச் சரக்கு."

"ஏனுங்க, மீனு தித்திப்பெல்லாம் திங்குங்களா?" என்று வியாபாரி கேட்டார்.

"இதுதாங்க என் ரகசிய இரை" என்றேன். "யாருக்கும் சொல்லாதீங்க." அவர் உண்மையாகவே பயபக்தியோடு தலையாட்டினார்.

நான் காட்டின மூலையில் அவர் வீசினார். வீசினார் என்பது மரியாதைக்கு. முள் அவர் தொப்பியைத் தொட்டு, கிளையைத் தொட்டு, தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மலையின் அந்தப் பக்கத்து மீன்கூட ஓடியிருக்க வேண்டும். நான் நிம்மதியாகச் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தேன்.

பேச்சு முடியவில்லை. ராடு வளைந்துவிட்டது.

முதலில் வந்தது ஜிலேபி. இரண்டாவது அதைவிடப் பெரிய ஜிலேபி. நான் உதைத்துவிட்ட புழு மடு மீனையெல்லாம் அந்த மூலைக்கே பந்திக்கு அழைத்து வந்திருந்தது. தடித்த நரம்பு அறுவதாக இல்லை, பெரிய முள் நழுவுவதாக இல்லை. வியாபாரி ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன மாதிரியேங்க" என்றார். நான் எப்போது என்ன சொன்னேன்?

மூன்றாவதாக ராடு தண்ணீர் வரை வளைந்து, ரீல் கத்தியது. மடுவின் நடுவில் ஒரு அகன்ற முதுகு எழுந்து, காசுச் செதில் மின்னி, உள்ளே போனது. கண்ணாடிக் கெண்டை. அந்த அளவு ஒன்று அங்கே இருக்கிறது என்று பல வருஷமாக நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், சும்மா.

"மச்சான், எறங்குங்க, வெரசா எறங்குங்க, ஓரத்துக்கு வருது" என்று மச்சினன் வலையை என் கையில் திணித்தான்.

கைலியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து என்னை நோக்கி வந்தது. இதுதான் நேரம். நான் நரம்பின் மேல் விழுந்தால் முள் பிய்ந்துவிடும், மீன் போய்விடும், வியாபாரி வில்பட்டிக்குப் போய்விடுவார். கரையில் மச்சினன் இரண்டு கையையும் கோத்து வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துவிட்டேன். பார்த்த பிறகும் விழுந்தேன்.

நன்றாகத்தான் விழுந்தேன். முள் பிய்ந்தது, அது வரைக்கும் சரி. ஆனால் கைலி தண்ணீரில் குடை மாதிரி விரிந்து, அதற்குள் ஏதோ பலமாக உதைத்தது. நான் எழப் பார்க்க, அது சுருண்டு, கைலியும் சுருண்டு, மீனும் நானுமாகக் கட்டிப் புரண்டு சேற்றில் கரையேறினோம். என் ஆயுளில் நான் பிடித்த பெரிய மீன் அதுதான். தூண்டில்கூட இல்லாமல்.

வியாபாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "உசுரக் குடுத்துப் புடிச்சீங்க அண்ணா" என்றார். அது வரை நான் 'நீங்க' மட்டும்தான், அப்போதிருந்து அண்ணா ஆகிவிட்டேன். மச்சினன் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ஒங்களாலதான் மச்சான், ஒங்களாலதான்." கரையில் நின்றபடியே அவர்கள் பேசி முடித்தார்கள். நான் கைலியைப் பிழிந்துகொண்டிருந்தேன். கையை மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை சேற்றுக்கும் பிறகு பழ வாசனை அப்படியே இருந்தது. மீன் இத்தனை வருஷம் பயந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. சோப்புக்கு.

மீனை நான்தான் கொண்டுபோக வேண்டும் என்று இருவரும் பிடிவாதமாக நின்றார்கள். யூகலிப்டஸ் இலை சுற்றி, சாக்கில் போட்டு, பழனி பஸ்ஸில் காலடியில் வைத்துக் கொடுத்தார்கள். வளைவுக்கு வளைவு அது என் பாதத்தில் வந்து இடித்தது. வழியிலே எங்காவது தள்ளிவிட்டு, ஒன்றும் மாட்டவில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். மச்சினன் எனக்கு முன்னாலேயே அவளுக்குப் போனில் சொல்லியிருப்பான் என்பது பெருமாள்மலை தாண்டின பிறகுதான் உறைத்தது.

சொல்லியிருந்தான். வாசலில் சாக்கை வைத்தேன். அவள் அதைப் பிரித்து மீனைப் பார்த்தாள்.

"எவ்வளவு பெருசு" என்றாள்.

கொல்லையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து கழுவினாள். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு விழுந்த கதையைச் சொன்னேன், கைலி, வியாபாரி, தொப்பி என்று எல்லாம் சேர்த்து. நன்றாகத்தான் சொன்னேன். வயிற்றைக் கீறினவள் குடலிலிருந்து எதையோ விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பேரீச்சம்பழத் தோல்.

"பிள்ளைகளுக்கு வச்ச பாட்டிலா?"

"ஆமா."

"நான் பிசைஞ்சது."

"வேற இரை இல்ல. புழு ஓடையில போயிருச்சு. இதத் தின்னாதுன்னு நெனச்சுத்தான்..."

அவள் அந்தத் தோலைத் தண்ணீரில் அலசி, மணை ஓரத்தில் வைத்தாள். மிச்சத்தையும் கழுவிக் குழம்பு வைத்தாள். எனக்குப் பரிமாறினாள். ருசியாக இருந்தது, அதைச் சொல்ல முடியவில்லை. அவள் அன்றைக்கு ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

பத்திரம் முடிந்தது. அதற்கு அவள் போகவில்லை. அந்த ஐப்பசிக்குள் வீட்டை இடித்துவிட்டார்கள். கம்பி வேலி போட்டு, அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று பலகை வைத்திருப்பதாக மச்சினன் சொன்னான். அவன் லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழனிக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வருவான். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அக்காவும் தம்பியும் நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள், பள்ளங்கியைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

இந்த வருஷம் தை முடியும்போது வியாபாரி போன் செய்தார். "அண்ணா, நம்ம குடிலு தொறந்தாச்சுங்க. மாசி பொறக்குதுல்லங்க. அந்த ரகசிய இரை நமக்கு மாசா மாசம் கொஞ்சம் பாட்டில்ல போட்டு அனுப்ப முடியுங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லும்படி தலையை ஆட்டினாள்.

மறுநாள் ஒரு சின்னச் சட்டியில் தனியாகப் பழம் போட்டாள். சர்க்கரை, பேரீச்சை எல்லாம் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எந்த வாசனை இருந்தா மீனு வராதுன்னு சொன்னீங்க?"

"சோப்பு."

"அந்தத் துணிச் சோப்ப எடுங்க."

கத்தியால் சீவிச் சீவிச் சட்டியில் போட்டு, முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. சாமிக்குப் பிசையும்போது எப்படி இருப்பாளோ அதே கவனம். நான் பாட்டில்களில் 'மீனுக்கு மட்டும், மனிதர் உண்ணக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒட்டி, பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் கொஞ்சம் லேசாக இருந்தது. வீடு போனாலும் மீனையாவது நிறுத்திவிட்டோம் என்று.

புகார் வரும் என்று காத்திருந்தேன். பங்குனி உத்திரக் கூட்டம் முடிந்த வாரம் போன் வந்தது.

"பிரமாதமுங்க அண்ணா. இன்னும் கொஞ்சம் அனுப்புங்க."

"மாட்டுதுங்களா?"

"மீனுங்களா? அதெல்லாம் யாருங்க புடிக்கறாங்க. வர்றவங்க கரையில நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க, அவ்வளவுதானுங்க. மடுவத் தூர் வாரி, சுத்தியும் சிமெண்டு பூசி, கலர் மீனு விட்டாச்சுங்க. ஒங்க பாட்டில வரவேற்பு மேசையில அழகுக்கு வச்சிருக்கோம். மூடியத் தொறந்து பாக்கறவங்க எல்லாம் வாசமே தனின்னு சொல்றாங்க."

"பழைய மீனெல்லாம்?"

"தண்ணி எறைச்சப்பவே அள்ளி வேலையாளுங்களுக்குக் குடுத்துட்டோமுங்க."

போனை வைத்தேன். அவள் பெரிய அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து, பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"இன்னும் வேணுமாம்."

"மீனு?"

"ஒண்ணும் இல்லையாம். எறைச்சுட்டாங்களாம்."

அவள் விரலில் ஒட்டின பழத்தை அண்டா விளிம்பில் வழித்தாள்.

"அப்ப இனிச் சோப்பு போட வேண்டாம்" என்றாள். கையை மறுபடி அண்டாவுக்குள் விட்டுக்கொண்டாள்.